ஒரே பாலை மரத்தின் விதையிலிருந்து ஒரு காட்டை வளர்க்கலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்துக் குளத்தடிக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. இப்போது அங்குள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கிவிட்டு, அவருடைய நான்கு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

போருக்கு முன் அந்தக் குளத்தைச் சுற்றிப் பாலை மரங்கள் எண்ணிப் பார்க்கத் தோன்றாத அளவுக்கு நின்றன. மீளக் குடியேறியபோது எஞ்சியிருந்தவை 23. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றின் அடிமரத்தில் செல் (எறிகணை) துண்டுகள் ஏறியிருக்கின்றன. வாள் உடைந்துவிடும் என்ற பயத்தில் மரக்காலைக்காரர்கள் அவற்றைத் தொடவில்லை. அதனாலேயே அவை தப்பின. ஐயனார் கோயிலடி மரத்துக்குக் காயமில்லை. ஊரிலேயே இனிப்பான பழமும் அதனுடையதுதான். குளத்தின் மேற்புறத்தில் எட்டு ஏக்கரில் மீண்டும் பாலை நடுவதென்று சங்கம் தீர்மானித்தது. சென்ற ஆனியில் கோயிலடி மரத்தின் கீழ் பொறுக்கிய விதைகளில் 600 கன்றுகள் இப்போது பொலித்தீன் பைகளில் நிற்கின்றன.

இந்த நேரத்தில்தான் ஆளுக்கொரு கருத்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகன், 500 மரத்துக்குக் குறைந்தால் அந்த இனம் தப்பாது என்று படித்ததாகவும் முதலில் எல்லா மரத்துக்கும் டிஎன்ஏ பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். மைத்துனர், இந்தியாவிலிருந்தோ அம்பாந்தோட்டைப் பக்கமிருந்தோ நல்ல விதை எடுப்பிக்கலாம் என்கிறார். சங்கத்து அம்மா ஒருவர், செல் பட்ட மரத்தின் விதையில் குறை இருக்கும், அதை நடக் கூடாது என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார். போதாததற்கு, ஆய்வு செய்கிறோம் என்று வந்த ஒரு குழு இலையும் விதையும் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பக் கேட்டிருக்கிறது. "கொடுக்கலாமா, மறுத்தால் குற்றமாகுமா? நாங்கள் செய்தது சரியா, பிழையா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பல ஆண்டுகளாகத் தாவரங்களின் மரபியலைக் கற்பித்து வருகிறேன். மரம் நட்டுவிட்டுப் பிறகு கடிதம் எழுதுபவர்களே அதிகம். கன்றுகள் இன்னும் பைக்குள் இருக்கும்போது நீங்கள் எழுதினீர்கள். அதனால் இதுவரை கைமீறிப்போனது எதுவுமில்லை.

தமிழகத்தில் இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நீங்கள் சொல்லும் பாலை, ஏழிலைப்பாலையோ வெட்பாலையோ அல்ல. அங்கே உலக்கைப்பாலை என்று அழைக்கப்படும், சப்போட்டாவின் நெருங்கிய உறவான மரம் இது. வைரம் பாய்ந்த கட்டை. ஒருகாலத்தில் இலங்கை ரயில் பாதைகளுக்குச் சிலிப்பர்க் கட்டையாகப் போனது. விரல் நுனியளவு மஞ்சள் பழம். நாலைந்து சேர்த்துத் தின்றால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க விடாது. சீசனில் வீதியோரம் சுண்டுக் கணக்கில் விற்பார்கள். உள்ளே இருப்பது பளபளக்கும் ஒற்றைக் கபில விதை. அந்த விதையில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி முழுவதும்.

காயம் விதைக்குப் போகாது

உங்கள் சங்கத்து அம்மாவின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கான பதில் இதில்தான் தங்கியிருக்கிறது. அவர் சொல்வதைக் கேட்டால் நீங்கள் 23 தாய்மரங்களில் பாதிக்கு மேல் இழந்துவிடுவீர்கள்.

அடிமரத்தில் ஏறிய இரும்பு மரத்தின் உடலைக் காயப்படுத்தியிருக்கிறது. அந்தக் காயம் விதைக்குக் கடத்தப்படுவதில்லை. போரில் காலை இழந்த தகப்பனுக்குப் பிறக்கும் பிள்ளை இரண்டு காலோடுதான் பிறக்கிறது. வன்னியில் வாழும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் அந்த அம்மாவிடம் இதையே சொல்லுங்கள். காயத்தால் நலிந்த மரம் சில ஆண்டுகளில் குறைவாகக் காய்க்கலாம், விதை சிறுத்திருக்கலாம். அது அந்த ஆண்டின் ஊட்டக் குறைவு. பரம்பரைக் குறைவு அல்ல. கோணலாக நிற்கும் மரங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மரத்தின் கோணலில் பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் முறிந்த கிளை, மாடு கடித்த நுனி, பக்கத்து மரத்தின் நிழல் எல்லாம் சேர்ந்துதான் அந்த வடிவத்தைத் தருகின்றன. பார்வைக்குக் குறையாகத் தெரிவதை வைத்துத் தாய்மரத்தைக் கழிக்காதீர்கள்.

செல் பட்ட மரங்களே உங்கள் ஊரின் பெரும் சேமிப்பு. பாலை மெதுவாக வளர்ந்து நூற்றாண்டுகள் வாழும் மரம். இன்று நிற்கும் முதிர்ந்த மரங்கள் போருக்கு மிக முன்பே, காடு முழுக்காடாக இருந்த காலத்தில் முளைத்தவை. அவற்றின் தாயும் தகப்பனும் அந்தப் பெருங்காட்டு மரங்கள். மரங்களின் எண்ணிக்கை சரிந்துவிட்டது உண்மை. ஆனால் எஞ்சிய ஒவ்வொரு மரத்துக்குள்ளும் பழைய காட்டின் பரம்பரைச் செல்வம் குலையாமல் இருக்கிறது. அந்தச் செல்வம் இழக்கப்படப் போவது இனிமேல் முளைக்கும் தலைமுறையில்தான். அந்தத் தலைமுறையை இப்போது உங்கள் சங்கம் பைகளில் வளர்க்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

600 கன்றுகளுக்கு ஒரே தாய்

கோயிலடி மரத்தின் பழம் இனிப்பு. ஆகவே அதன் விதையே சிறந்தது என்று நினைத்திருக்கிறீர்கள். மாம்பழத் தோட்டம் போடுகிறவர் அப்படி நினைப்பதில் பிழையில்லை. காட்டை மீட்கிறவருக்குக் கணக்கு வேறு.

பாடசாலைப் புத்தகங்கள் பரம்பரையலகு என்றும் பத்திரிகைகள் மரபணு என்றும் சொல்வது ஒன்றையேதான். ஒவ்வொரு மரபணுவுக்கும் பல வடிவங்கள் உண்டு. ஒரு மரம் அவற்றில் இரண்டு பிரதிகளை மட்டுமே சுமக்கும். ஒன்று தாய் வழி, மற்றது தகப்பன் வழி. பழைய காட்டில் நூறு பிரதிகளுக்கு ஐந்தில் மட்டும் இருந்த ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். கடும் வறட்சியைத் தாங்க உதவும் வடிவமாகவோ, இன்னும் வராத ஒரு நோயை எதிர்க்கும் வடிவமாகவோ அது இருக்கலாம். கோயிலடி மரத்தில் அது இருக்க வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பத்து மரங்களில் எங்காவது ஓரிடத்தில் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 64. உங்கள் 23 மரங்களில் 90. முப்பது மரங்களுக்குப் போனால் 95. அதற்குமேல் மரங்களைக் கூட்டினாலும் வாய்ப்பு மெல்லத்தான் ஏறும். காட்டுத் தாவர விதையைச் சேகரிப்பவர்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாத முப்பது தாய்ச்செடிகளாவது வேண்டும் என்று கேட்பதன் பின்னால் இருப்பது இந்தச் சிறு கணக்குத்தான்.

கன்று 600 என்றாலும் 6,000 என்றாலும் தாய் ஒன்றே என்றால் தாய்வழி வருபவை அந்த இரண்டு பிரதிகளே. தகப்பன்கள் வெவ்வேறாக இருக்கலாம்; பாலை பூக்கும் காலத்தில் மரத்தடியில் நின்றால் கேட்கும் தேனீ இரைச்சல் அதற்குச் சாட்சி. அப்படியென்றாலும் உங்கள் கன்றுகள் ஒரு தாய் பல தகப்பன் பிள்ளைகள். எட்டு ஏக்கரிலும் அவையே நின்று வளர்ந்து, பூத்து, தங்களுக்குள் கலந்தால் பிறக்கும் அடுத்த தலைமுறையில் நெருக்கம், அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, எட்டில் ஒரு பங்கு. மச்சானும் மச்சாளும் மணந்தால் பிள்ளைக்கு வருவது பதினாறில் ஒரு பங்கு. அதாவது உங்கள் காடு முழுவதும் அதைவிட இருமடங்கு நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்த குடும்பமாகிவிடும். மரங்களில் இதன் விளைவு உடனே தெரியாது. விதை முளைப்பது குறையும், கன்று நோஞ்சானாகும், காய்ப்பு மங்கும். அதைப் பார்க்க நீங்களும் நானும் இருக்கமாட்டோம்.

இது நடக்காத கதை அல்ல. ஹவாயின் மௌனா கேயா எரிமலைச் சரிவில், வெள்ளி வாள்கள் போல இலை விரிக்கும் ஒரு அரிய செடியைக் காப்பாற்ற 1970களில் நாற்றுவிட்டு நடத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கில் நட்டார்கள், கன்றுகள் நன்றாகவே பிடித்தன. பிற்பாடு பார்த்தால் அத்தனையும் இரண்டே தாய்ச்செடிகளின் வழிவந்தவை. அந்தச் செடியோ நெருங்கிய உறவின் மகரந்தத்தை ஏற்காத வகை. அதனால் நட்டவற்றில் விதை பிடிப்பது குறைந்தது. பிறகு தாவரவியலாளர்கள் மலைப்பாறைகளில் எஞ்சியிருந்த காட்டுச் செடிகளைத் தேடி ஏறி, அவற்றின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலக்க வேண்டியதாயிற்று. பாறை ஏறும் வேலை உங்களுக்கு இல்லை. மற்ற 22 தாய்மரங்களும் குளத்தைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் நிற்கின்றன.

ஆகவே 600 கன்றுகளையும் வீச வேண்டாம். ஊர் மரங்களோடு அயற்காட்டு மரங்களையும் சேர்த்து நாற்பது தாய்மரங்களிலிருந்து மரத்துக்கு இருபதாக 800 கன்றுகள் நடுவது இலக்கு என்று வைத்துக்கொண்டால், கோயிலடி மரத்துக்கும் இருபதே பங்கு; போனால் போகட்டும், நாற்பது. மிகுந்தவற்றை வீட்டு வளவுகளுக்கும் பாடசாலைகளுக்கும் கோயில் வீதிகளுக்கும் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஏற்கெனவே வேறு பாலைகள் நிற்கும் அயலூர்களுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. அங்கே அவை புது இரத்தம். ஒரே இடத்தில் கூட்டமாக நடுவதை மட்டும் தவிருங்கள். இனிப்புப் பழம் வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. குஜராத்தில் இதே மரத்தைப் பழத்துக்காக ஒட்டுக்கன்றாகவே வளர்க்கிறார்கள். வீட்டு வளவில் நடுவதற்குக் கோயிலடி மரத்திலிருந்து ஒட்டுக்கட்டுங்கள். எட்டு ஏக்கருக்குள் அந்த ஆசையைக் கொண்டுபோகாதீர்கள்.

500 என்ற எண்ணும் டிஎன்ஏ பரிசோதனையும்

மகன் படித்தது பொய்யல்ல. 1980இல் இயன் ஃபிராங்க்ளின் என்ற மரபியலாளர் முன்வைத்த எண் அது. மாறும் சூழலுக்கு நெடுங்காலம் ஈடுகொடுக்கும் வல்லமையை ஓர் இனம் இழக்காமலிருக்க, தங்களுக்குள் கலந்து பெருகும் 500 உயிர்களாவது வேண்டும் என்பது அதன் பொருள். 2022 டிசம்பரில் மொன்றியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட உயிர்ப்பல்வகைமை இலக்குகளிலும் அந்த எண் அளவுகோலாக வந்திருக்கிறது. ஆனால் 500க்குக் கீழே போனால் அழிவு நிச்சயம் என்று அது சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட வொல்லமை பைன் மரங்களில் முதிர்ந்தவை நூறுக்கும் குறைவு. மரத்துக்கு மரம் பரம்பரை வேறுபாடு ஏறக்குறைய இல்லை. அப்படியும் நெடுங்காலம் தாக்குப்பிடித்திருக்கின்றன. ஒரு வேரழுகல் நோய் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கொண்டுபோய்விடக் கூடும் என்பதுதான் அவற்றைக் காப்பவர்களின் கவலை. ஒரு மரம் தாங்காத நோயை எந்த மரமும் தாங்காது.

உங்கள் நிலை அதைவிட எவ்வளவோ நல்லது. 23 என்பது உங்கள் குளத்தடி எண்ணிக்கை மட்டுமே. இரண்டு கட்டை (மைல்) தூரத்தில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு தொடர்வதாக எழுதியிருக்கிறீர்கள். தேனீக்கு அந்தத் தூரம் பெரிதல்ல. பழம் தின்ற கரடியும் குரங்கும் இருவாய்க் குருவியும் விதையைச் சுமந்துகொண்டு ஊர் எல்லை பார்க்காமல் திரிகின்றன. பழக்காலத்தில் காட்டுப் பாதையில் கிடக்கும் கரடி எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் பாலை விதைகள் முழுசாக இருக்கும். ஊர் மரங்களும் காட்டு மரங்களும் இப்படிக் கலந்துகொண்டிருக்கும்வரை அவை ஒரே குடித்தொகை. ஆகவே கன்று நடுவதைப் போலவே, குளத்துக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள பற்றையை வெளியாக்காமல் விடுவதும் உங்கள் திட்டத்தின் பகுதியாக இருக்கட்டும். தாய்மரங்களின் கீழ் தானாக முளைத்த கன்றுகளை அலம்பல் வேலி கட்டி மாட்டிடமிருந்து காத்தால் அது நாற்றுமேடையைவிடச் சிறந்த வேலை, செலவும் குறைவு.

இனி டிஎன்ஏ பரிசோதனை. மகனின் அக்கறை புரிகிறது. ஆனால் அது எந்த மரம் நல்லது என்று சொல்லும் பரிசோதனை அல்ல. மரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு உறவு, ஊர்க் கூட்டமும் காட்டுக் கூட்டமும் எவ்வளவு வேறுபட்டவை, இளங்கன்றுகளில் உள்ளுறவு ஏறியிருக்கிறதா என்பவற்றைத்தான் அது சொல்லும். சில வேளைகளில் அந்தத் தகவல் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும். தாஸ்மேனியாவில் நூற்றுக்கணக்கான தண்டுகளாக நிற்கும் லொமேஷியா என்ற அரிய செடியைப் பரிசோதித்தபோது அத்தனையும் ஒரே செடியின் படிகள் என்று தெரிந்தது. எண்ணிக்கை நூறு, பரம்பரை ஒன்று. உங்கள் மரங்கள் விதையில் முளைத்தவை. அந்தப் பயம் வேண்டாம். வெட்டிய ஒரே அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து எழுந்த தண்டுகள் இருந்தால் அவற்றை மட்டும் ஒரே மரமாக எண்ணுங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: பரிசோதனைக்காக நடுகையை நிறுத்தி வைக்காதீர்கள். பல தாய்மரங்களிலிருந்து சமமாக விதை எடுத்தால், பரிசோதனை செய்தவரும் உங்களுக்குச் சொல்லக்கூடிய அறிவுரையில் பெரும்பகுதியைப் பின்பற்றியவர்களாகிவிடுவீர்கள். பல்கலைக்கழகம் ஏதாவது பரிசோதிக்க முன்வந்தால் வரவேற்கலாம். சங்கத்தின் பணத்தை அதில் போட வேண்டாம். அந்தப் பணம் வேலிக்கும் முதல் இரண்டு கோடைத் தண்ணீருக்கும் போகட்டும்.

வெளியூர் விதை

மைத்துனரின் யோசனையில் பாதி சரி. புது இரத்தம் நல்லதுதான். எவ்வளவு தூரத்துப் புது இரத்தம் என்பதே கேள்வி. மிகத் தொலைவிலிருந்து கொண்டுவந்ததைக் கலந்தால் சில இனங்களில் பிள்ளைகள் இரண்டு இடத்துக்கும் ஒவ்வாதவையாகிவிடும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மஞ்சள் பொத்தான் போலப் பூக்கும் ஒரு புல்வெளிச் செடியில், ஒரு பகுதிச் செடிகளுக்கு நிறமூர்த்தத் (குரோமோசோம்) தொகுதி இரண்டு, இன்னொரு பகுதிச் செடிகளுக்கு நான்கு. வெளிப்பார்வைக்கு ஒன்றேதான். கலந்தால் பிறப்பவை மூன்று தொகுதியோடு மலடாகின்றன. அந்தச் செடியில் சிறிய கூட்டங்களுக்குப் புது இரத்தம் கட்டாயம் தேவை. ஆனால் சரியான கூட்டத்திலிருந்து எடுத்தாக வேண்டும். மரபியல் ஆய்வு உண்மையிலேயே கை கொடுக்கும் இடம் இது.

பாலையில் அப்படிப் பிரிவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்திலேயே காடு இருக்கும்போது துணிந்து பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. முதலில் உங்கள் 23. அடுத்து இரண்டு கட்டைக் காடு. பிறகும் போதாவிட்டால் அதே மழையும் அதே மண்ணும் உள்ள அடுத்த வன்னிக் காடுகள். இந்தியாவில் சப்போட்டா ஒட்டுவதற்கு அடிக்கன்றாகப் பாலையை நாற்றுவிடுகிறார்கள். அந்த நாற்று எத்தனை தாயிலிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. தாய் தெரியாத கன்றும், அதன் பையில் ஒட்டி வரும் மண்நோயும் உங்களுக்கு வேண்டாம்.

இலை கேட்டு வந்தவர்கள். நீங்கள் எடுக்கப்போகும் விதை

நான் வழக்கறிஞன் அல்ல. இதில் கையெழுத்து வைக்க வேண்டி வந்தால் ஒருவரைக் கேட்டுவிட்டு வையுங்கள். பொதுவான நிலை இது. 1992இல் உருவான உயிரியல் பல்வகைமைச் சமவாயத்தில் இலங்கை 1994இல் இணைந்தது. ஒரு நாட்டின் பரம்பரை வளங்கள்மேல் அந்த நாட்டுக்கே உரிமை, அவற்றை எடுக்க முன்கூட்டிய சம்மதம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆகவே இலையையும் விதையையும் நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதி தரும் அதிகாரம் உங்கள் சங்கத்துக்கு இல்லை. உரிய திணைக்களங்களே தர வேண்டும். அதற்காக உங்களுக்கு வாயில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் வளவிலும் கோயில் காணியிலும் நுழைய வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடியும். அது குற்றமாகாது.

எனினும் வந்தவர்களைக் களவெடுக்க வந்தவர்களாகவே பார்க்க வேண்டாம். இத்தகைய ஆய்வுக்கு மரத்துக்கு இரண்டு மூன்று இலை போதும்; ஈரம் உறிஞ்சும் மணிகளோடு சிறு பையில் போட்டு எடுத்துப்போவார்கள். மரத்துக்கு எந்தக் கெடுதியும் இல்லை. இலைக்கும் விதைக்கும் வேறுபாடு உண்டு: இலை ஆய்வுக்கு, விதை வளர்ப்பதற்கு. விதையும் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். நல்ல நோக்கத்தோடு வந்தவர் கீழுள்ளவற்றை எழுத்தில் தரத் தயங்கமாட்டார்:

- எந்தத் திணைக்களத்தின் அனுமதி, அதன் பிரதி
- எத்தனை மரத்தில், என்ன, எவ்வளவு எடுக்கப்போகிறார்கள். மிச்சம் எங்கே வைக்கப்படும்
- உள்நாட்டுப் பல்கலைக்கழகம் அல்லது நிறுவனம் எது பங்கெடுக்கிறது
- முடிவுகளைத் தமிழில் உங்களுக்கு எப்போது தருவார்கள். ஆய்விலிருந்து வருமானம் வந்தால் ஊருக்கு என்ன

இதே சட்டம் உங்கள் பக்கமும் திரும்பும் என்பதைச் சொல்லாவிட்டால் நான் கடமை தவறியவன். "ஊர்க்காடுதானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றி விதை பொறுக்குவதும் பிரச்சினையாகலாம். பழக்காலத்துக்கு முன்பே பிரதேச செயலகம் வழியாக வனத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். சங்கத்தின் தீர்மானத்தையும் இணையுங்கள். நீங்கள் சொல்லும் எட்டு ஏக்கர் குளத்தின் ஒதுக்கக் காணிக்குள் வந்தால் கமக்காரர் அமைப்பும் கமநல சேவைகள் நிலையமும் ஒப்புக்கொள்ள வேண்டும். குளக்கட்டில் மட்டும் எக்காரணம் கொண்டும் மரம் நடாதீர்கள். வேர் போன வழியே தண்ணீரும் போகும். காட்டுக்குள் போகும்போது வெடிபொருள் அகற்றப்பட்ட பகுதி எது என்று கிராம அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் எவ்வளவு பழம் கொட்டிக் கிடந்தாலும் போக வேண்டாம். பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

இந்தப் பழக்காலத்தில்

பழம் மஞ்சளாகத் தொடங்குவதற்கு முன் 23 மரங்களுக்கும் இலக்கமிடுங்கள். பட்டையைச் செதுக்க வேண்டாம், பெயின்ற் போதும். ஒரு சீஆர் கொப்பியில் மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கே நிற்கிறது, எப்போது பூத்தது, எவ்வளவு காய்த்தது என்று குறியுங்கள். எல்லா மரமும் எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்க்காது. அதனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துச் சேகரியுங்கள். ஆண்டுக்கு ஆண்டு தகப்பன்களும் மாறும். காட்டில் எடுக்கும்போது ஒரு தாய்க்கும் அடுத்த தாய்க்கும் நூறு மீற்றராவது இடைவெளி விடுங்கள். அருகருகே நிற்பவை பெரும்பாலும் சகோதரங்கள். ஒரு மரத்தின் ஒரே பக்கத்தில் பொறுக்காமல் சுற்றிவர எடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்; மிச்சம் கரடிக்கும் குருவிக்கும் உரியது.

காய்ப்புக் குறைந்த மரத்திலிருந்தும் அதே எண்ணிக்கை வேண்டும். அதிகம் காய்த்த இரண்டு மூன்று மரங்களே கூடையை நிரப்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இன்னொரு பிழை நாற்றுமேடையில் நடக்கிறது. நடும் நாளில் உயர்ந்த கன்றுகளாகப் பார்த்து எடுத்தால், விரைவாக முளைக்கும் இரண்டு தாய்களின் பிள்ளைகளே தோட்டம் முழுவதும் போய்ச் சேரும். பைகளை மரவாரியாக வரிசையில் அடுக்கி, வரிசைக்கு ஒரு இலக்கத் தகடு குத்துங்கள். நடும்போது வரிசைக்கு ஒன்றாக எடுத்துக் கலந்து நடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகள் அடுத்தடுத்து வரக் கூடாது.

விதையை நாள்கணக்கில் வெயிலில் காயப் போடவோ சாக்கில் கட்டி அடுத்த ஆண்டுக்கு வைக்கவோ வேண்டாம். எண்ணெய்ச் சத்துள்ள விதை. புதிதாக இருக்கும்போதுதான் நன்றாக முளைக்கும். சதையைக் கழுவி, நிழலில் ஈரம் போக்கி, அந்தக் கிழமையிலேயே விதைத்துவிடுங்கள். முளைக்கத் தாமதிக்கும் வரிசைகளைச் செத்தது என்று கொட்டிவிட வேண்டாம், பொறுத்திருங்கள். கன்றுகளை வடகீழ்ப் பருவமழை நன்றாகப் பிடித்த பிறகு நடுங்கள். கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால், எந்தத் தாய்களின் பங்கு குறைகிறது என்று பார்த்து மறு ஆண்டுச் சேகரிப்புக்கு எழுதுகிறேன்.